நான்கு கோடுகள் பாக்கி

காமிக்ஸ் வில்லன்களில் எனக்கு வேட்டைக்காரர்களைத்தான் பிடிக்கும். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவர்கள் குறைவாகப் பேசுவார்கள்.

உலகத்தையே கைப்பற்றக் கிளம்பும் வில்லன் கட்டத்துக்குக் கட்டம் பேசுவான். தன் திட்டத்தை முழுக்க விளக்கி, நடுவே சிரித்து, சிரித்ததற்கும் காரணம் சொல்லி முடிப்பான். அவ்வளவையும் தமிழில் எழுதி, படத்தில் இருக்கும் வெள்ளைப் பலூனுக்குள் அடைப்பது என் வேலை. ஆங்கிலத்தில் நான்கு சொல் காலை நீட்டிப் படுத்திருக்கும் பலூனில் தமிழில் இரண்டு சொல் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காரும். எழுத்தைச் சிறிதாக்கினால் வாசகர்கள் திட்டுவார்கள். சொல்லைக் குறைத்தால் வில்லன் என்ன திட்டம் போட்டான் என்பதே தெரியாமல் போகும். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மடக்கல் வேலையைச் செய்திருக்கிறேன். விருதுநகரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் மாலை வேலையாக ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற பிறகு அதுவே வேலையாகிவிட்டது.

கதையில் வேட்டைக்காரன் வந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அவன் மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பான். ஒரு பக்கம் முழுக்க ஒரு சொல் இருக்காது. இலை அசையும். கீழே ஈர மண்ணில் ஒரு காலடித் தடம். அடுத்த பக்கத்தின் மூலையில் ஒரே ஒரு பலூன்: “வருகிறான்.” அது பலூனுக்குள் தாராளமாக நிற்கும்.

இவர்களுக்குச் சக்தி எதுவும் கிடையாது. எதிரே வரும் நாயகன் பறப்பான், லாரியைத் தூக்குவான், சுவருக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பான். வேட்டைக்காரனிடம் இருப்பது வில், கத்தி, கொஞ்சம் கயிறு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும். காத்திருக்கத் தெரியும். இவற்றை வைத்துக்கொண்டு பறக்கிறவனைப் பிடிக்கக் கிளம்புவான். கடைசிப் பக்கத்தில் தோற்பான். தோற்பான் என்று எனக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். அவனுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

அவனிடம் எனக்கு ஒட்டுதல் வந்தது எண்ணிக்கையால். தன்னிடம் எத்தனை அம்பு மிச்சம் என்பது அவனுக்கு எப்போதும் தெரியும். நானும் கூடவே எண்ணிக்கொண்டு போவேன். ஒரு கதையில் தூணியில் பன்னிரண்டு அம்பு இருந்தது; எய்தது பதின்மூன்று. வரைந்தவர் கவனிக்கவில்லை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அவன் ஒரு அம்பு கூட விட்டா உங்களுக்கு எங்கன குத்துது?” என்றாள் என் மனைவி.

 நான் எழுந்துபோய்க் கை கழுவினேன்.

நான் எழுதிக் கொடுத்த அச்சகம் சிவகாசியில் இருக்கிறது. பட்டாசுப் பெட்டிகளுக்கு மேல்மூடி, லேபிள், காலண்டர் ஆகியவைதான் அங்கே பிழைப்பு. காமிக்ஸ் என்பது முதலாளியின் அப்பா ஆசைப்பட்டுத் தொடங்கியது. அப்பா என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். இப்போது பிள்ளையும் அப்படியே கூப்பிடுகிறார். அவருக்கு என் மகன் வயது.

போன காலண்டர் சீசன் தொடங்கும் முன் ஒருநாள் அவர் என்னை உள்ளே அழைத்தார்.

“வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா? வேட்டைக்கார வில்லனுகளாப் பொறுக்கி ஒரு ஸ்பெஷல் போடுவோம். நாலு கதை. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தீகள்ல?”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது அரை நிமிடம்தான் இருந்தது. அவர் தன் போனை எடுத்து, ஓர் ஆங்கிலப் பக்கத்தின் மேல் காட்டினார். பலூன்களில் இருந்த ஆங்கிலம் அழிந்து தமிழ் வந்து நின்றது.

“பாருங்க. கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள.”

வாங்கிப் படித்தேன். ஒரே பக்கத்தில் ஏழு பிழை. வேட்டைக்காரன் தன் நாயைத் தடவிக்கொண்டு “நல்ல பையன்” என்றான்.

“இதெல்லாம் போகப்போகச் சரியாயிரும்ங்காக,” என்றார் முதலாளி. பிறகு கொஞ்சம் தயங்கினார். “போன புஸ்தகத்துல நெறையப் பேரு தப்பு புடிச்சு எழுதிட்டாக அண்ணாச்சி. உங்களுக்கும் வயசாகுது. இந்த ஸ்பெஷல் ஒரு தப்பும் இல்லாம வந்திருச்சுன்னா, நீங்களே செய்ங்க. நான் மாத்தவே மாட்டேன். இல்லைன்னா அடுத்ததுலேருந்து இதை வச்சுப் பாப்போம்.”

போன புத்தகத்தில் பிழைகள் மூன்று. வாசகர்கள் கண்டுபிடித்தது இரண்டு. மூன்றாவது எனக்கு மட்டும் தெரியும்.

எனக்குக் கோபம் வரவில்லை. அலுப்பாக இருந்தது. இந்த வேலை போனால் எனக்குப் போவதற்கு வேறு இடம் கிடையாது. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. வீட்டில் இருந்தால் நானும் மனைவியும் ஒரே மின்விசிறிக்குக் கீழே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்போம். அவள் பாத்திரங்களை எடுத்து வைப்பாள். அதில் எத்தனை தம்ளர் குறைகிறது என்று நான் சொல்வேன். அப்புறம் சண்டை வரும்.

விருதுநகரிலிருந்து வாரத்தில் நான்கு நாள் பஸ்ஸில் போய் வந்தேன். வழியில் ஆமத்தூர் தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்வேன். வேகத்தடைகளை முதுகு எண்ணிக்கொள்ளும். 

அச்சகத்தில் என் மேசை, கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் பெண்ணின் மேசைக்குப் பக்கத்தில். நான் தாளில் எழுதிக் கொடுப்பதை அவள் அடித்து, பலூனுக்குள் பொருத்துவாள். அச்சங்குளத்திலிருந்து வருகிறாள். அவள் அம்மா இருபது வருடம் பட்டாசு ஆலையில் திரி வேலை பார்த்தவர். அவளுக்கு என் மேல் மரியாதை உண்டு. என் சொற்களின் மேல் கிடையாது.

“சார், இந்தப் பலூன்ல ‘சந்தேகமேயில்லை’ நொழையாது. ‘ஆமா’ன்னு போட்டுக்கிடவா?”

“அவன் யோசிச்சுச் சொல்றான்மா.”

“யோசிச்சுட்டு ‘ஆமா’ன்னு சொல்லட்டும் சார்.”

பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

முதல் இரண்டு கதைகள் பிழையின்றி முடிந்தன. ஒன்றில் வல்லூறு வளர்க்கும் ஒருத்தி. இன்னொன்றில் மழை பெய்தால் மட்டும் வேட்டைக்குக் கிளம்பும் ஓர் ஆள். நான் ஒவ்வொரு தாளையும் மூன்று முறை படித்தேன். கடைசி முறை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக. அப்படிப் படித்தால் கதை நம்மை இழுத்துக்கொண்டு போகாது, எழுத்து மட்டும் கண்ணில் படும்.

மூன்றாவது கதையில்தான் வந்தது.

இங்கே அச்சடிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். புத்தகம் மொத்தமாக மெஷினில் ஏறாது. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். சீசன் நேரத்தில் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் நடுவே மெஷின் எப்போது கொஞ்சம் சும்மா நிற்கிறதோ, அப்போது காமிக்ஸில் ஒரு ஃபாரத்தை ஓட்டிவிடுவார்கள். மூன்றாவது கதைக்கு முதல் பதினாறு பக்கம்தான் எங்களுக்கு வந்திருந்தது. உரிமை வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் மிச்சத்தைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளில் மெஷின் சும்மா நிற்கப் போகிறது, அந்த ஃபாரம் தயாராக வேண்டும் என்றார் முதலாளி. மீதிக் கதை தெரியாமலேயே எழுதினேன். இப்படிச் செய்வது புதிதில்லை.

கதை இது. பறக்கும் நாயகனை வேட்டைக்காரன் ஒரு தாழ்ந்த குகைக்குள் வரவழைத்துவிடுகிறான். உள்ளே பறக்க இடமில்லை. குகையின் வாசலில் வெடி. அதிலிருந்து ஒரு திரி நீண்டு கிடக்கிறது. வேட்டைக்காரன் திரியைப் பற்றவைத்துவிட்டு உள்ளே குரல் கொடுக்கிறான்: நூறு எண்ணும் வரை உனக்கு நேரம், குகைக்கு இன்னொரு வழி இருக்கிறது, கண்டுபிடித்து வெளியே வா, நூறு முடிந்த பிறகுதான் வேட்டை. இது பதினோராம் பக்கம்.

நான் படத்தைப் பார்த்தேன். திரி ஒரு முழம்கூட இல்லை.

இந்த ஊர்ப்பக்கம் வளர்ந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு முழத் திரியைப் பற்றவைத்துவிட்டு நூறு எண்ணிக்கொண்டிருப்பவன் ஐம்பது எண்ணும்போது உயிரோடு இருக்கமாட்டான். எழுத்துக் கோக்கும் பெண்ணிடம் காட்டினேன்.

“அய்யய்ய,” என்றாள். “எங்கம்மா பார்த்தா சிரிச்சுரும்.”

மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். “ஒரு முழத் திரிக்கு நூறா? இவனை நம்ம பக்கம் வேலைக்கு எடுக்காதீக.” அங்கிருந்த இரண்டு பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்துச் சிரித்தார்கள். சத்தம் கேட்டு முதலாளியும் வந்தார். அவரும் சிரித்தார்.

“அண்ணாச்சி, நம்ம ஆளுக படிச்சா மானம் போயிரும். கொறைச்சுப் போடுங்க.”

நூறை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன். எல்லோருக்கும் திருப்தி. பலூனும் நன்றாக நின்றது. ஃபாரம் மெஷினில் ஏறி இறங்கியது. ஆயிரத்து இருநூறு பிரதி.

மீதிப் பக்கங்கள் எட்டு நாள் கழித்து வந்தன.

வேட்டைக்காரன் குகைக்கு வெளியே ஒரு பாறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் கத்தி முனையால் ஒரு கோடு கிழிக்கிறான். ஐந்தைந்தாகச் சேர்த்துக் கிழிக்கிறான். படத்திலேயே வரைந்திருக்கிறது. உள்ளே நாயகன் பாறைகளைப் புரட்டுகிறான். பின்பக்கமாக ஒரு துவாரம் கிடைக்கிறது. வெளியே வருகிறான். வேட்டைக்காரன் அவன் வரும் சத்தத்தைக் கேட்டுவிட்டான். அம்பு தொடுத்து, வில்லை இழுத்துவிட்டான். நாயகனுக்குக் கண் கூசுகிறது, அசையாமல் நிற்கிறான். இதைவிட நல்ல குறி எந்த வேட்டைக்காரனுக்கும் கிடைக்காது. ஆனால் வேட்டைக்காரன் எய்யவில்லை. வில்லை இழுத்தபடியே நிற்கிறான். நான்கு கட்டம் அப்படியே போகிறது. ஐந்தாவது கட்டத்தில் நாயகன் பறந்து பின்னால் வந்து அவனைச் சாய்த்துவிடுகிறான்.

கடைசிப் பக்கத்தில் நாயகன் கேட்கிறான், ஏன் எய்யவில்லை என்று. வேட்டைக்காரன் தரையில் கிடந்தபடி பாறையைக் காட்டுகிறான்: “நூறு என்று சொன்னேன். இன்னும் நான்கு பாக்கி.”

நான் பாறையில் இருந்த கோடுகளை எண்ணினேன். ஐந்தைந்தாகப் பத்தொன்பது கட்டு. தனியாக ஒன்று. தொண்ணூற்றாறு. இந்த ஓவியர் எண்ணத் தெரிந்தவர்.

திரிக்கும் விளக்கம் இருந்தது. இருபதாம் பக்கத்தில் வருகிறது. அது வெடிமருந்து சுற்றிய திரி கிடையாது. மரப்பட்டை நாரை அவனே முறுக்கி, மெதுவாகக் கனல்வதற்காகச் செய்தது. முதல் ஃபாரத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். திரியின் நுனியில் பொறியே வரையவில்லை. புகை மட்டும்தான். நாங்கள் ஆறு பேர் சுற்றி நின்று பார்த்தோம். ஆறு பேரும் திரியின் நீளத்தைத்தான் பார்த்தோம். வேறு ஊரில் இருந்திருந்தால் யாரும் அந்த நூறைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

அந்தப் போனும் தொட்டிருக்காது. நூறு என்றால் நூறு என்று போட்டுவிட்டுப் போயிருக்கும். இதை நினைத்தபோதுதான் எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்துதான் இருந்தேன்.

மாலையில் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பத்துன்னு சொன்னவன் எதுக்குத் தொண்ணூத்தாறு வரைக்கும் கோடு போடுதான்னு கேப்பாகளாக்கும்.”

“ஆமா.”

“முதலாளிட்ட சொல்லாதீக. அவரே கண்டுபிடிக்கட்டும்.”

“கண்டுபிடிக்க மாட்டார்.”

“பெறகென்ன?”

மறுநாள் போய்ச் சொன்னேன். முதலாளி இரண்டு ஃபாரத்துப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கெட்டிக்காரர்; உடனே பிடித்துக்கொண்டார்.

“இதுக்கு எதுக்கு அண்ணாச்சி முகத்தை இப்படி வச்சிருக்கீக? ரெண்டாவது ஃபாரத்துக்கு இன்னும் அச்சுப் பிளேட்டே போடல. ‘பத்து என்றது பொய். நீ பதறுவதைப் பார்க்கச் சொன்னேன்’னு அவனே நெனைக்கிற மாதிரி ஒரு பலூன்ல எழுதுங்க. முடிஞ்சு போச்சு.”

“கடைசில எய்யாம நிக்கிறானே.”

“கை நடுங்கிருச்சுன்னு போடுங்க. இல்லை, கண்ணு கூசிருச்சு. அங்கன வெயிலு அடிக்குதுல்ல?”

“அவன் பொய் சொல்றவன் இல்லை தம்பி.”

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். “வில்லன்தானே அண்ணாச்சி? பொய் சொன்னா என்ன?”

  நான் நகரவில்லை என்றதும் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். அப்படி எழுதிட்டா இதுல தப்புன்னு ஒண்ணும் இல்ல. புஸ்தகம் சுத்தமா வந்ததாத்தான் கணக்கு. நீங்களும் வழக்கம்போல வந்துபோய் இருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?”

அவர் சொன்னது சரிதான். யாருக்கும் தெரியாது. மேசைக்கு வந்து எழுதிப் பார்த்தேன். ‘பத்து என்றது பொய்.’ பலூனுக்குள் அழகாக உட்கார்ந்தது. பொய்க்கு எப்போதும் சொல் குறைவாகத்தான் வேண்டியிருக்கிறது. எழுத்துக் கோக்கும் பெண் அதை அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப இவன் வெறும் போக்கிரி சார்,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். நான் அந்தப் பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளுக்குப் பறக்க வராது, லாரியைத் தூக்க வராது. சொன்ன எண்ணிக்கையை மாற்றமாட்டான் என்பது ஒன்றுதான் அவனிடம் இருந்தது. அதையும் நான் எடுத்துக்கொண்டால் அவன் வில் வைத்திருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

வெளியே வந்தேன். பைண்டிங் கொட்டகையில் நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளின் மூடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சடித்த பிறகு விலை மாறியிருக்கும். பழைய விலையின் மேல் புது விலை. சீசன்தோறும் நடப்பதுதான். நான் எத்தனையோ வருடமாக அதைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போயிருக்கிறேன். அன்று நின்றுவிட்டேன்.

திரும்ப முதலாளியிடம் போனேன். பலூன் அளவுக்கே ஒரு ஸ்டிக்கர், உள்ளே நூறு என்று போட்டு, பதினோராம் பக்கத்தில் ஒட்டிவிடலாம் என்றேன்.

“ஸ்டிக்கர் ஒட்டுனா தப்பு நடந்துச்சுன்னு ஊருக்கே சொல்ற மாதிரி அண்ணாச்சி. தடவிப் பார்த்தாலே தெரிஞ்சுரும்.”

“தெரியட்டும்.”

“நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? தப்பில்லாம வந்தா மட்டுந்தான்.”

“இருக்கு.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அலுப்பு. காலண்டர் ஆர்டர் மூன்று நிலுவையில் இருந்தது. “ஸ்டிக்கர் அடிச்சுத் தாரேன். மிச்சத் தாள்ல அடிச்சுருவோம். ஆனா ஒட்ட ஆள் கிடையாது. இந்தச் சீசன்ல ஒரு பொம்பளையக்கூட என்னால விட முடியாது. ஒட்டணும்னா நீங்கதான் ஒட்டணும்.”

சரி என்றேன்.

ஆயிரத்து இருநூறு ஃபாரம். ஒவ்வொன்றையும் பிரித்து, பதினோராம் பக்கத்தைத் தேடி, கட்டை விரல் நகம் அளவு பலூனை உரித்து, பழைய பலூனின் மேல் பொருத்த வேண்டும். பலூனுக்கு ஒரு வால் உண்டு. அது பேசுகிறவன் வாயை நோக்கி இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் வேட்டைக்காரனுக்குப் பதில் குகை பேசுவது போல் ஆகிவிடும். முதல் நாள் அறுபது ஒட்டினேன். அதில் ஒன்பதில் குகை பேசியது. உரித்து மறுபடி ஒட்டினேன். பெண்கள் அவ்வப்போது திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன சார், எங்க வேலைக்குப் போட்டிக்கு வந்துட்டீக?”

“உங்க பக்கத்துல நிக்கக்கூட முடியாது.”

“கண்ணாடிய தொடைச்சுட்டு ஒட்டுங்க. வேகமா வரும்.”

துடைத்தேன். வேகமாக வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் என் மனைவி அச்சகத்துக்கே வந்துவிட்டாள். கையில் தூக்குவாளி. இத்தனை வருடத்தில் அவள் அங்கே வந்தது அது முதல் தடவை. இரண்டு நாளாக நான் கொண்டுபோன சோறு அப்படியே திரும்பி வந்ததுதான் காரணம்.

“தொழில் மாறிட்டீக போல,” என்றாள். நான் சாப்பிடும் வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிய ஃபாரங்களைப் புரட்டினாள். “கோணலா இருக்கே.”

“ரெண்டு மூணு அப்படித்தான் இருக்கும்.”

“ரெண்டு மூணா?”

ஸ்டிக்கர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சின்ன வயதில் அவளும் அவள் வீட்டாரும் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவர்கள். அதைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். அது அவளுக்குப் பிடித்த காலம் கிடையாது. ஆனால் விரல் மறக்கவில்லை. நான் ஒன்று ஒட்டும் நேரத்தில் அவள் நான்கு ஒட்டினாள். எல்லாம் நேராக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “யாரு இவன்?” என்றாள்.

அன்று எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லியிருந்தேன்; இப்போது முழுக் கதையையும் சொன்னேன். குகை, கோடு, வில்லை இழுத்தபடி நின்றது எல்லாம்.

“அப்ப எய்யாமலே தோத்தானா?”

“ஆமா.”

“பைத்தியாரப்பய.”

இருபது முப்பது ஃபாரம் ஒட்டியிருப்பாள். மறுபடி ஆரம்பித்தாள். “நாலு எண்ணுற நேரம் என்ன பெரிய நேரம்? எண்ணிட்டு எய்திருக்கலாம்ல?”

“எண்ணிக்கிட்டுதான் நின்னான். அதுக்குள்ள அவன் பின்னால வந்துட்டான்.”

“பறக்கிறவனுக்கு என்ன, வந்துருவான்,” என்றாள் எரிச்சலாக. நாயகன்மேல் யாராவது எரிச்சல்பட்டு நான் கேட்டது அன்றுதான். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். “உங்களை விட்டா பொங்கலுக்குத்தான் முடியும்,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து ஜன்னலில் வெயில் அடிக்கிறது என்று என்னை இடம் மாறச் சொன்னாள்.

புத்தகம் வந்தது. நன்றாகவே வந்தது. நான்காவது கதையில் பிழை இல்லை. முதலாளி ஒரு பிரதியை எடுத்து, அந்தக் கதையின் பதினோராம் பக்கத்தைத் திறந்து, விரலால் தடவினார்.

“நல்லாத்தான் ஒட்டியிருக்கீக,” என்றார். பிறகு எங்கேயோ பார்த்தபடி, “அடுத்தது போன்ல பண்ணிப் பாப்போம் அண்ணாச்சி. சொன்னபடி செய்யணும்ல? நீங்க எப்பவாவது வந்து ஒரு பார்வை பார்த்துக் கொடுங்க. எங்கனயாவது தப்பா இருந்தா சொல்லுங்க,” என்றார்.

அவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. மேசையில் இருந்த என் பேனாக்களை எடுத்துக்கொண்டேன். ஐந்து இருக்க வேண்டும்; நான்குதான் இருந்தது. எழுத்துக் கோக்கும் பெண் தன் காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தாள்.

“அந்த நாயைப் ‘பையன்’ன்னு போட்டா நான் மாத்திருவேன் சார்,” என்றாள். “கவலைப்படாதீக.”

அவளால் முடியும். எத்தனை பிழைகளை அவளால் பார்க்க முடியும் என்பதுதான் தெரியவில்லை.

பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பட்டாசு லோடு ஏற்றிய ஒரு லாரி ஆமத்தூர் வரை எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நாளைக்குக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் தாலுகா நூலகம் என்று ஒன்று தோன்றியது. அங்கே மின்விசிறி ஓடாது.

வீட்டில் புத்தகத்தை மனைவியிடம் கொடுத்தேன். வேலை போன விஷயத்தையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அட்டையைப் பார்க்கவில்லை. வல்லூறுக்காரியையும் மழைக்காரனையும் வேகமாகத் தள்ளிவிட்டு, மூன்றாவது கதையில் பதினோராம் பக்கத்தைத் தேடி எடுத்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்து, ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஸ்டிக்கர் அசையவில்லை.

“இது நான் ஒட்டுனது,” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“நேரா இருக்குல்ல?”